அந்த மூன்று கட்டங்களும் நானும்

நேற்றிலிருந்து எல்லோர் சுவரிலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஸ்க்ரீன்ஷாட் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய 'ராப்சடி இன் ப்ளூ'வுக்குப் பக்கத்தில் ஒரு ஆப் மூன்று கட்டம் போட்டிருக்கிறது. டெம்போவுக்கு (அதாவது வேகத்துக்கு) ஒரே எண், ஸ்கேல் (அதாவது சுருதி) பி ஃப்ளாட் மேஜர், மூட் 'ரிலாக்ஸ்'. ஆப் மேல்கூட கோபமில்லை. "இவ்வளவுதான் மேட்டர், இதுக்கு ஏன் பக்கம் பக்கமா எழுதுறீங்க" என்று என்னை டேக் செய்து கேட்டீர்களே, அதுதான் உறுத்துகிறது.

அந்த இசைக்கு ஒரே டெம்போ கிடையாது. திரும்பவும் சொல்கிறேன், கிடையாது. 1924 பிப்ரவரி 12, நியூயார்க் ஏயோலியன் ஹாலில் முதன்முதலாக வாசித்தபோது, பியானோ தனியாகப் போகும் இடங்களில் சிலவற்றை கெர்ஷ்வின் தாளில் எழுதி முடித்திருக்கவே இல்லை. 'தலையசைக்கும்வரை காத்திரு' என்று ஸ்கோரில், அதாவது இசை எழுதிய தாளில், குறிப்பு. ஒரு மனிதர் தலையசைப்பதற்காக பால் வைட்மேனின் மொத்த இசைக்குழுவும் காத்திருந்திருக்கிறது. அதற்கு எந்த எண்ணைப் போடுவீர்கள்?

அதே வருடம் ஜூனில் ரெக்கார்ட் செய்தபோது இசைத்தட்டின் இரண்டு பக்கத்துக்குள் அடக்க வேண்டும் என்று வெட்டி, விரட்டி, சுமார் 9 நிமிடத்தில் முடித்தார்கள். 1959இல் இசைக்குழு நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் பியானோவும் வாசித்துக் குழுவையும் நடத்தியபோது 16 நிமிடத்தைத் தாண்டியது. 1976இல் மைக்கேல் டில்சன் தாமஸ் என்ற இன்னொரு நடத்துநர், கெர்ஷ்வினே பதிந்துவைத்த பழைய பியானோ ரோலை (வாசித்ததைத் துளைகளாகப் பதிந்த காகிதச் சுருள், பியானோ அதைப் பார்த்துத் தானாக வாசிக்கும்) ஓடவிட்டு அதோடு ஒரு ஜாஸ் பேண்டை ஓடவைத்தார், 14 நிமிடத்துக்குள் பறந்துவிடுகிறது. ரோலை எந்த வேகத்திலும் ஓட்டலாமே, அது ஆதாரமா என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குள் எங்கே முந்துகிறார், எங்கே தயங்குகிறார் என்பது அவருடைய விரல்தானே, அதை யார் மாற்றுவது?

ஸ்கேலும் அப்படித்தான். பி ஃப்ளாட்டில் தொடங்கி பி ஃப்ளாட்டில் முடிகிறது, உண்மை. ஆனால் நடுவில் எல்லோருக்கும் நெஞ்சில் நிற்கிற அந்த மெலடி ஈ மேஜரில் வருகிறது. ஸ-வுக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள தூரம். அதைவிடத் தள்ளிப் போக முடியாது.

அந்த இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதினைந்து வயதில் கீபோர்டு கிளாஸில் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு ஸ்வரம் நீளமாக நிற்கும், அதற்கு அடியில் சின்னதாக ஒரு வரி அரையரை ஸ்வரமாக நகரும். அந்த அடிவரியைக் கேட்பதற்காக நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். மாஸ்டர் பென்சிலால் என் விரல் கணுவில் தட்டினார், தாளத்தை டிக் டிக்கென்று எண்ணும் மெட்ரோனோமைக் காட்டினார். மறுபடி நின்றேன், மறுபடி தட்டினார். மூன்று மாதத்தில் கிளாஸை விட்டுவிட்டேன். பல வருடம் கழித்து பெர்ன்ஸ்டைன் ரெக்கார்டிங்கைக் கேட்கிறேன், அவர் அந்த மெலடியை எவ்வளவு நிதானமாக, நின்று நின்று வாசிக்கிறார்! பஸ்ஸில் ஹெட்போனோடு உட்கார்ந்து அழுதேன். அதனால்தான் எண்ணைக் காட்டி "இவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கணு வலிக்கிறது.

வேகம் பார்த்துப் பாட்டோடு பாட்டைச் சேர்க்கிற டிஜேக்களுக்கு எண் வேண்டாமா என்றால், வைத்துக்கொள்ளட்டும். "மேட்டுக்குடி ரசனை" என்று ஒருவர் எழுதியிருந்தார். வாடகை வீட்டில் இரவல் கீபோர்டில் கற்றுக்கொண்டவனிடம் அதைச் சொல்லாதீர்கள்.

அப்புறம் அந்த 'ரிலாக்ஸ்'. தொடக்கத்தில் கிளாரினெட் கீழேயிருந்து ஊளையிட்டுக்கொண்டு மேலே ஏறுமே, கெர்ஷ்வின் அதைத் தனித்தனி 17 ஸ்வரங்களாகத்தான் எழுதியிருந்தார். வைட்மேன் குழுவின் கிளாரினெட்காரர் ராஸ் கோர்மன் ஒத்திகையில் வேடிக்கைக்காக இழுத்து வாசித்தார், கெர்ஷ்வினுக்குப் பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அவர் விளையாட்டாக வாசித்தது எனக்கு ஒரு நாள் சிரிப்பாகக் கேட்கிறது, ஒரு நாள் யாரோ வாய்விட்டு அழுவதாகக் கேட்கிறது. நேற்று இரவு உங்கள் கமெண்டைப் படித்துவிட்டுப் போட்டேன். அழுகையாகத்தான் கேட்டது.