அஞ்சு 'ஸ்தான்' மட்டும்தான் மத்திய ஆசியாவா?

மத்திய ஆசியான்னா எதுன்னு கேட்டா டக்குனு வர்ற பதில் ஒண்ணுதான். கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான். ஐநாவோட புள்ளிவிவரப் பட்டியல்லயும் இதே அஞ்சு பேர்தான். நானும் ரொம்ப வருஷம் அப்படியேதான் நம்பிட்டு இருந்தேன். ஆனா ஆப்கானிஸ்தானோட வடக்கு எல்லையில ஓடுற ஆமு தர்யா நதியைப் பத்தி தேடித்தேடி படிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் இந்த அஞ்சு நாட்டுக் கணக்கு சரியில்லைன்னு உறுதியா நம்புறேன். வடக்கு ஆப்கானிஸ்தானை வெளிய நிறுத்திட்டு மத்திய ஆசியாவை வரையறுக்க முடியாது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

முதல்ல அளவு. இந்த அஞ்சு நாட்டையும் சேர்த்தா சுமார் 40 லட்சம் சதுர கிலோமீட்டர், ஐரோப்பிய ஒன்றியம் மொத்தத்துக்கும் கிட்டத்தட்ட சமம். ஆனா அங்க 45 கோடி பேர், இங்க சுமார் 8 கோடி பேர்தான். அந்த 8 கோடியும் பரவலா இல்ல. கஜகஸ்தான் மட்டும் 27 லட்சம் சதுர கிலோமீட்டர், மக்கள் 2 கோடி, அதாவது சதுர கிலோமீட்டருக்கு ஏழெட்டு பேர். அதுல ஆறுல ஒரு பங்கு பரப்பு கூட இல்லாத உஸ்பெகிஸ்தான்லதான் இந்தப் பகுதியோட ஜனத்தொகைல பாதிக்கு கொஞ்சம் குறைவா, 3.6 கோடிக்கு மேல இருக்காங்க. துர்க்மெனிஸ்தான்ல பெரும்பகுதி காராகும் பாலைவனம், தஜிகிஸ்தான்ல 90 சதவீதத்துக்கு மேல மலை. ஃபெர்கானா பள்ளத்தாக்குல மட்டும் ஒரு கோடிக்கு மேல ஜனம் நெருக்கியடிச்சு வாழுது, அந்தச் சின்ன பள்ளத்தாக்கையும் உஸ்பெக், கிர்கிஸ், தஜிக்னு மூணு நாடு பிரிச்சு வச்சிருக்கு.

ஏன் இப்படி ஒரு இடத்துல குவிஞ்சு, இன்னொரு இடம் வெறிச்சோடி? தண்ணி. வேற காரணமே தேட வேண்டாம். பாமிர், தியான்ஷான் மலைப் பனி உருகி ஆமு தர்யா, சிர் தர்யான்னு ரெண்டு நதியா இறங்குது, ரெண்டும் எந்தக் கடலுக்கும் போகாது, உள்நாட்டுலயே ஆரல் ஏரியில முடியும், இல்ல முடிஞ்சிட்டு இருந்துச்சுன்னு சொல்லணும். ஜனம் அந்த நதிகளை ஒட்டித்தான் இருக்கு, சமர்கண்ட், புகாரா, கீவா எல்லாம் இந்த மலைத் தண்ணியை நம்பி வளர்ந்த ஊர்கள்தான்.

இப்போ இந்த 'அஞ்சு நாடு' எங்கருந்து வந்துச்சுன்னு பாருங்க. 1843ல ஜெர்மன் புவியியல் அறிஞர் ஹம்போல்ட் 'மத்திய ஆசியா'ன்னு எழுதினப்போ இந்த நாடுகளே கிடையாது. 1873ல பிரிட்டனும் ரஷ்யாவும் உட்கார்ந்து பேசி ஆமு தர்யாவை ஒட்டி ஒரு கோட்டை ஒத்துக்கிட்டாங்க, வடக்குப் பக்கம் ரஷ்யாவோட செல்வாக்கு, தெற்குப் பக்கம் ஆப்கானிஸ்தான். அந்தக் கரையில குடும்பம் குடும்பமா வாழ்ந்தவங்களை யாரும் கேக்கல. அப்புறம் 1924ல சோவியத் அரசு உள்ளுக்குள்ள புது எல்லைகள் போட்டு குடியரசுகளா பிரிக்க ஆரம்பிச்சது. இதுல ஒண்ணு கவனிங்க, சோவியத் காலத்துல ரஷ்ய மொழில கஜகஸ்தானை இதுல சேர்க்கவே மாட்டாங்க, 'நடு ஆசியாவும் கஜகஸ்தானும்'னு தனியாத்தான் சொல்வாங்க. 1993 ஜனவரில தாஷ்கண்ட்ல அஞ்சு தலைவர்களும் கூடித்தான் இனி நாம எல்லாரும் சேர்ந்து மத்திய ஆசியான்னு முடிவு பண்ணாங்க. அதாவது இப்போ நாம மாறாத உண்மை மாதிரி ஒப்பிக்கிற இந்தப் பட்டியலுக்கு வயசு முப்பத்து சொச்சம்தான். யுனெஸ்கோ மத்திய ஆசியாவோட நாகரிக வரலாறு எழுத வந்தப்போ ஆப்கானிஸ்தான், மங்கோலியா, மேற்கு சீனா, வட பாகிஸ்தான், வடகிழக்கு ஈரான் வரைக்கும் சேர்த்துதான் எடுத்துக்கிட்டாங்க.

அது ரொம்ப அகலம்னு நீங்க சொல்லலாம், நானும் அவ்வளவு தூரம் போகல. ஆனா பாபரை எடுத்துக்கோங்க. பொறந்தது ஃபெர்கானாவுல இருக்குற அந்திஜான்ல, 1504ல பிடிச்சது காபூல், கடைசில அடக்கமானதும் காபூல்லதான். தைமூர் வம்சத்தோட இன்னொரு பெரிய தலைநகரம் ஹெராத், அது இன்னைக்கு ஆப்கானிஸ்தான். அந்தக் காலத்துல சமர்கண்டுல இருந்து ஹெராத் போறவனுக்கு வேற உலகத்துக்குப் போறோம்னு தோணிருக்கவே தோணாது. இன்னைக்கும் வடக்கு ஆப்கானிஸ்தான்ல உஸ்பெக், தஜிக், துர்க்மென் மக்கள் பெரிய அளவுல இருக்காங்க, 1920கள், 30கள்ல சோவியத் ஆட்சிக்குப் பயந்து ஆத்தைக் கடந்து போனவங்களோட வாரிசுகளும் அதுல உண்டு.

'ஆப்கானிஸ்தான் தெற்காசிய நாடுகளோட கூட்டமைப்பான சார்க்ல இருக்கே, அது தெற்காசியா இல்லையா'ன்னு கேப்பீங்க. இருக்கு, 2007ல சேர்ந்துச்சு. அதுல பாதி நியாயமும் இருக்கு. இந்துகுஷ் மலைக்குத் தெற்கால ஓடுற காபூல் நதி சிந்துவுல போய் கலக்குது, அந்தப் பக்கம் தெற்காசியாதான், மறுக்கல. ஆனா மலைக்கு வடக்கால குந்தூஸ் நதி ஆமு தர்யாவுலதான் சேருது. நாட்டை முழுசா ஒரு பெட்டிக்குள்ள போடணும்னு நினைக்கிறதுதான் சிக்கல். நதி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்குற என் கணக்குப்படி போனா கஜகஸ்தானையும் வெட்ட வேண்டி வரும், இர்திஷ் நதி ஆர்க்டிக் பக்கம் போகுது, யூரல் நதிக்கு மேற்கால இருக்குற பகுதியை ஐரோப்பாவுலயே சேர்க்குறாங்க. வெட்டினா வெட்டட்டும், எனக்கு அதுல வருத்தம் இல்ல.

இதெல்லாம் வெறும் பேர் பஞ்சாயத்துன்னு ஒதுக்காதீங்க, எனக்கு நிஜமாவே கவலையா இருக்குற விஷயம் இனிதான். 1960ல ஆரல் உலகத்துலயே நாலாவது பெரிய ஏரி, சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். பருத்திக்காக சோவியத் காலத்துல ரெண்டு நதியையும் வாய்க்கால் வாய்க்கால்னு திருப்பினாங்க, 1954ல தொடங்கின காராகும் கால்வாய் ஒண்ணே 1,300 கிலோமீட்டருக்கு மேல. இன்னைக்கு ஆரல்ல பழைய பரப்புல பத்துல ஒரு பங்கு இருந்தாலே பெருசு. மொய்னாக்ங்கிற பழைய மீன்பிடித் துறைமுகத்துல கப்பலெல்லாம் மணல்ல துருப்பிடிச்சு நிக்குது. சோவியத் உடைஞ்சதும் 1992ல அல்மாட்டில அஞ்சு நாடும் தண்ணி ஒப்பந்தம் போட்டாங்க, பழைய பங்கீட்டையே தொடரலாம்னு. அந்த மேசையில ஆப்கானிஸ்தான் இல்ல. நதியோட மேல்பகுதியில ஒரு கரை, பல நூறு கிலோமீட்டர், அவங்களோடது, ஆனாலும் பட்டியல்ல இல்லாததால பேச்சுலயும் இல்ல.

இப்போ 2022ல இருந்து ஆப்கானிஸ்தான் கோஷ் தெபான்னு 285 கிலோமீட்டர் கால்வாய் வெட்டிட்டு இருக்கு, ஆமு தர்யா தண்ணியை எடுத்து அஞ்சரை லட்சம் ஹெக்டேருக்குப் பாய்ச்சப் போறாங்க. அடியில கான்கிரீட் பூசாத கால்வாய், பாதி தண்ணி மண்ணு குடிச்சிடுமோன்னு நிபுணர்கள் பயப்படுறாங்க. உஸ்பெகிஸ்தானும் துர்க்மெனிஸ்தானும் பதறுது, அந்த விவசாயிகளோட பயம் நியாயமானது. ஆனா இவ்வளவு வருஷம் பஞ்சத்துலயும் போர்லயும் கிடந்த ஆப்கான் விவசாயி தன் கரையில ஓடுற தண்ணியைக் கேக்குறதும் நியாயம்தான், அவன் கையெழுத்து போடாத ஒப்பந்தத்தைக் காட்டி அவனை எப்படித் தடுப்பீங்க?

பாமிர் பக்கம் பஞ்ச் நதின்னு ஒண்ணு, ஆமு தர்யாவோட தலைப்பகுதி, தஜிகிஸ்தானுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் நடுவுல ஓடுது. இந்தக் கரையும் பதக்‌ஷான், அந்தக் கரையும் பதக்‌ஷான். ரெண்டு பக்கமும் ஷுக்னி மொழி பேசுறாங்க, ரெண்டு பக்கமும் ஷியா முஸ்லிம்கள்ல ஒரு பிரிவான இஸ்மாயிலி மக்கள். தஜிகிஸ்தான் பக்கம் இருக்குற கோரோக் ஊருக்குப் பக்கத்துல 2002ல ஒரு பாலம் கட்டினாங்க. ஐநா பட்டியல்படி அந்தப் பாலத்தோட ஒரு முனை மத்திய ஆசியா, இன்னொரு முனை தெற்காசியா.