வழக்குக் கட்டைத் தர மறுக்கும் வக்கீல்கள்

வக்கீல்கள் மீது நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை விளக்கிய கட்டுரையாளர், வக்கீல்கள் மீதான புகார்களை விசாரிக்க ‘பார் கவுன்சில் இருக்கிறதே’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். அங்கேதான் எனக்கு மனத்தாங்கல்.

என் சித்தியின் பாகப்பிரிவினை வழக்கில், பழைய வக்கீல் கட்டண பாக்கியைக் காட்டி வழக்கு ஆவணங்கள் அடங்கிய கட்டைத் தர மறுத்தார். மூலப் பத்திரமும் அதற்குள்தான். எப்போது போனாலும் குமாஸ்தா, “ஐயா கோர்ட்டில் இருக்கிறார்” என்பார், ஞாயிற்றுக்கிழமை உட்பட!

பாக்கி இருந்தால் சட்டப்படி வசூலிக்கலாம், ஆவணங்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று ஆர்.டி. சக்சேனா என்ற வக்கீலின் வழக்கில் 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (அவர் தொழில் செய்யப் பார் கவுன்சில் விதித்த 18 மாதத் தடையை வெறும் கண்டனமாகக் குறைத்ததும் அதே தீர்ப்புதான்.)

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-வது பிரிவில், தவறு செய்த வக்கீலின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அளவுக்குப் பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் அந்தக் குழுவில் விசாரிக்கும் மூவருமே வழக்கறிஞர்கள். கட்சிக்காரர் தரப்பில் ஒருவர்கூடக் கிடையாது. மாநில பார் கவுன்சிலின் குழு ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். தாமதத்துக்கு மருந்தாக வைத்த விதிதான். ஆனால் சென்னைக்கே வர முடியாத சித்தி டெல்லிக்கு எங்கே போவார்?

புகார் கொடுக்க நினைப்பவர்கள் கட்டைக் கேட்டு முதலில் எழுத்தில் கடிதம் அனுப்பி, நகலையும் கட்டண ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். சித்தியிடம் இரண்டுமே இல்லை.