சபதத்தை மளிகைச் சீட்டில் எழுதுங்கள்

போன ஜனவரி முதல் வாரம். விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு அடுப்படியில் மூன்று விதமான சமையல் நடந்துகொண்டிருந்தது. பிளஸ் டூ படிக்கும் மகனுக்கு டிபன் பாக்ஸில் புளிச்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். இருபது வருடமாகச் சர்க்கரையோடு இருக்கும் அத்தைக்கு இட்லி, காரம் குறைத்த சட்னி. புத்தாண்டுச் சபதம் எடுத்திருந்த என் வீட்டுக்காரருக்கு ஓட்ஸ் கஞ்சி, முளைகட்டிய பயறு, மத்தியானத்துக்கு இரண்டு சப்பாத்தி. எனக்கு எது மிஞ்சுகிறதோ அது. எட்டரைக்கு நான் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும்.

சபதம் எடுத்தவர் அவர். அதற்காக முக்கால் மணி நேரம் முன்னால் எழுந்தவள் நான்.

பொங்கல் வந்தது. சர்க்கரைப் பொங்கல், மறுநாள் கறிக்குழம்பு, காணும் பொங்கலுக்கு நாத்தனார் வீட்டில் விருந்து. அடுத்த திங்கட்கிழமை ஓட்ஸ் டப்பா மேல் அலமாரிக்குப் போய்விட்டது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம், விடு" என்றார். கோபத்தைவிட எனக்குப் பயம்தான் வந்தது. அவர் அலுவலகத்தில் நடந்த பரிசோதனை முகாமில் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 6.2 என்று வந்திருந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். இவர் நடுவில் நிற்கிறார். அந்த நடு வழி எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும். அத்தையின் காலில் வந்த புண்ணுக்கு ஐந்து மாதம் தினமும் கட்டு மாற்றியவள் நான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023இல் வெளியிட்ட ஆய்வுப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இவரைப் போல விளிம்பில் நிற்பவர்கள் 13.6 கோடி. நம் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நோய் வந்தேவிட்டது. இத்தனை வீடுகளிலும் ஒருவர் டிசம்பர் 31 ராத்திரி ஏதோ ஒன்றை மனதுக்குள் முடிவு செய்கிறார். மறுநாள் காலை அதைச் சமைக்க வேண்டியது இன்னொருவர். பெரும்பாலும் ஒரு பெண். அவளைக் கேட்காமல் எடுக்கிற உணவுச் சபதம் எதுவும் நிற்காது என்பது என் திடமான கருத்து. மன உறுதி இல்லை, நாக்கைக் கட்டத் தெரியவில்லை என்று ஆளைத் திட்டுவதில் பிரயோஜனமே இல்லை. வீட்டுக்கு வருகிற சாமான் மாறாமல் தட்டு எப்படி மாறும்?

இது எனக்குப் புரிந்தது ஜூன் மாதம், பள்ளி திறக்கும் நேரத்தில். எங்கள் மளிகைக்கடை அண்ணாச்சிக்கு மாதாமாதம் வாட்ஸ்அப்பில்தான் சீட்டு அனுப்புவேன். அன்றைக்குப் புதுச் சீட்டு போட உட்கார்ந்தவள், பழையதை எல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பன்னிரண்டு மாதமும் கிட்டத்தட்ட ஒரே சீட்டு. அவர் சபதம் எடுத்த ஜனவரியில் கூடுதலாக ஒரே ஒரு வரி: ஓட்ஸ் 1 கிலோ. மற்ற எதிலும் ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

நான் கணக்கு டீச்சர். சும்மா இருக்க முடியவில்லை. நாங்கள் நாலு பேர், மாதம் முப்பது நாள். எதை வாங்கினாலும் 120ஆல் வகுத்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

கடலை எண்ணெய், ரீஃபைண்ட், நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்து 5 லிட்டர். எடையில் பார்த்தால் சுமார் 4.6 கிலோ, அதாவது ஆளுக்கு 38 கிராம். வழிகாட்டி சொல்வது 27. சர்க்கரை 4 கிலோ, ஆளுக்கு 33 கிராம். 25ஐத் தாண்டக் கூடாது என்கிறார்கள். அத்தை சர்க்கரையே தொடுவதில்லை என்றால் அவர் பங்கும் மற்ற மூன்று பேருக்குள்தான் போகிறது. உப்பு ஒரு கிலோ, ஆளுக்கு 8 கிராம். இருக்க வேண்டியது 5. இதில் ஊறுகாயும் அப்பளமும் சேரவில்லை.

அரிசி 26 கிலோ சிப்பம். (2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைக்கு ஜிஎஸ்டி வந்த பிறகுதான் இந்த 26 கிலோ.) இட்லி அரிசி, ரவை, கோதுமை எல்லாம் சேர்த்தால் 35 கிலோ. ஆளுக்கு 290 கிராமுக்கு மேல். 250 போதும் என்கிறது வழிகாட்டி. இதுகூட எனக்கு அதிர்ச்சியாக இல்லை. பருப்புக்கு வந்தபோதுதான் பேனாவைக் கீழே வைத்தேன். துவரை, உளுந்து, பாசி, கடலை, பயறு எல்லாம் சேர்த்து 5 கிலோ. ஆளுக்கு 42 கிராம். பருப்பும் முட்டையும் கறியுமாக 85 கிராம் வேண்டுமாம். நாங்கள் முட்டை, கறி சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதிலும் அந்த உளுந்தில் பாதி வடைக்கு.

அன்று ராத்திரி அத்தையையும் அவரையும் உட்கார வைத்து அந்தத் தாளைக் காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். "எண்ணெய் இவ்வளவா? நான் கண்ணளவுலதானே ஊத்துறேன்" என்றார். எங்கள் வீட்டில் தாளிக்கிற கை அவருடையது. மறுநாள் காலை, எப்போதும் பொரியல் தாளிப்பது போலவே ஊற்றச் சொல்லி, வாணலியில் விழுவதற்கு முன்னால் ஒரு டம்ளரில் பிடித்து அளந்தோம். மகன் வயிற்றுவலிக்குக் குடித்த சிரப் மூடிதான் அளவை. நாலு மூடி நிறைந்தது, 40 மில்லி. கால் கிலோ பீன்ஸுக்கு.

அந்தக் கால் கிலோ பீன்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு பேர் இருக்கிற வீட்டுக்குக் கால் கிலோ காய் வாங்குகிறோம். ஆளுக்கு 60 கிராம் சொச்சம். ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, கீரையும் சேர்த்து, சாப்பிடச் சொல்கிறார்கள். நம் பேச்சைக் கவனியுங்கள்: "தொட்டுக்க என்ன?" என்றுதான் கேட்கிறோம். காய் நமக்குத் தொட்டுக்கொள்ளத்தான், சாப்பிட அல்ல. இப்போது திருச்சி தென்னூர் உழவர் சந்தையிலிருந்து ஞாயிறும் புதனும் பை நிறையக் காய் வருகிறது. பொரியலை முதலில் ஒரு கிண்ணம் தனியாகச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கை வைப்பது என்று வைத்துக்கொண்டோம். காயும் பருப்பும் முதலில் உள்ளே போனால் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். வயிறும் பாதி நிறைந்துவிடுவதால் இரண்டாம் தடவை சோறு கேட்பது தானாகவே நின்றது.

சோறுதான் விரோதி என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. "நான் ராத்திரி சோறு சாப்பிடுறதே இல்ல, டிபன்தான்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். இட்லியும் அரிசி, தோசையும் அரிசி, இடியாப்பமும் அரிசி. மூன்று வேளையும் அரிசி உள்ளே போகிறது, பெயர் மட்டும் டிபன். சப்பாத்திக்கு மாறினாலும் நாலு சப்பாத்தி நாலுதான். கேழ்வரகு நல்ல தானியம், சந்தேகமில்லை. ஆனால் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அதுவும் விறுவிறுவென்று சர்க்கரையை ஏற்றும். எந்த மாவு என்பதைவிட எவ்வளவு மாவு, கூட என்ன என்பதுதான் கேள்வி.

இதற்கு முன்னால் ஒரு தனியார் மருத்துவமனையில் பணம் கட்டி டயட் சீட்டு வாங்கினோம். அச்சடித்த தாள். ப்ரோக்கோலி, கினோவா, ஆலிவ் எண்ணெய், அவகாடோ. எங்கள் தெருவில் எந்தக் கடையில் இது கிடைக்கும்? வாங்குகிற சம்பளத்துக்குள் இது அடங்குமா? எங்கள் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று அந்த மேசையில் ஒருவரும் கேட்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம். ரேஷனில் 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு ஒரு கிலோ கிடைக்கிறது, முருங்கைக்கீரை கொல்லையில் கிடக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தொடங்கியிருப்போம்.

ஒரே நாளில் எல்லாம் மாறவில்லை. எண்ணெய் ஜூலையில் நாலரை லிட்டர், செப்டம்பரில் நாலு. தீபாவளி மாதம் மறுபடி ஐந்து. அதற்காக யாரும் தலையில் கை வைத்து உட்காரவில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆகும் என்று கண்டார்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் குடி முழுகிவிடவில்லையாம். ஜனவரி 1இல் தொடங்கினால் 66ஆம் நாள் மார்ச்சில் வரும். அதற்குள் பொங்கல், தை மாதக் கல்யாணங்கள் எல்லாம் வந்துபோய்விடும். பதினைந்தாம் நாள் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டதற்காகச் சபதத்தையே தூக்கிப் போட்டால் எப்படி?

இப்போது எங்கள் வீட்டில் ஒரே சமையல். அத்தைக்கு என்னவோ அதுதான் எல்லோருக்கும். மகன் முதல் மாதம் முறைத்தான், சுண்டலில் கொஞ்சம் மாங்காய் போட்டதும் இறங்கி வந்தான். மாலையில் சுண்டல் அவிப்பது இவருடைய வேலை. முந்தின ராத்திரி ஊறப்போடுவதும் அவர்தான், மறந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நான் ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். போன வாரம் வந்த பரிசோதனையில் அவருக்கு 5.9.

நேற்று ஜனவரி மாதச் சீட்டை அனுப்பினேன். எண்ணெய் மூன்றரை லிட்டர், சர்க்கரை இரண்டு கிலோ, பருப்பு வகை எல்லாம் சேர்த்து ஒன்பது கிலோ. அரை மணி நேரத்தில் அண்ணாச்சி போன் செய்தார். "டீச்சர், பொங்கல் மாசம், எண்ணெயும் சக்கரையும் கொறச்சுப் போட்டிருக்கீங்க. வெல்லம், நெய், முந்திரி எதையும் காணோம். மறந்துட்டீங்களா?"

"அது தனிச் சீட்டு அண்ணாச்சி" என்றேன். "பன்னெண்டாம் தேதி அனுப்புறேன்."