எந்த டாக்டர்கிட்ட பார்க்கிற?

கர்ப்பம் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

2013-ல் என் மகன் பிறந்தது தென்சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில். பெயர் வேண்டாம். ஏசி ரூம், டிவி, அப்புறம் வயிற்றில் இரண்டு பெல்ட்டைக் கட்டி குழந்தையின் துடிப்பைக் காகிதத்தில் வரைந்துகொண்டே இருக்கும் மெஷின். ராத்திரி முழுக்க எனக்குத் துணை அந்த மெஷின்தான். சிஸ்டர் வருவார், காகிதத்தைப் பார்ப்பார், கேஸ் ஷீட்டில் எழுதுவார், டாக்டருக்கு போன் போடுவார், போய்விடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சின்னப் பெண். அந்த மாடி முழுக்க அவர் ஒருத்தர்தான் ஓடிக்கொண்டிருந்தார். விடிந்ததும், "கர்ப்பப்பை வாய் நாலு சென்டிமீட்டர்லயே நிக்குது, ப்ராக்ரஸ் இல்லை" என்றார்கள். சிசேரியன். அந்த நேரத்தில் யார் வாதாடுவார்கள்? கையெழுத்துப் போட்டோம். பிள்ளை நன்றாகப் பிறந்தான், அதனால் அப்போது வருத்தம்கூட இல்லை.

வருத்தம் வந்தது போன வருடம். என் தங்கைக்கு வடசென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் பிரசவம். கூட ஒரு பெண்ணை லேபர் வார்டுக்குள் விடுவார்கள் என்பதால் நான் போனேன். அங்கே ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ஸ்டாஃப் நர்ஸ். தங்கையின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி பேசாமல் நின்றார். பத்து நிமிடத்தில் எத்தனை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நிற்கிறது என்று கையாலேயே எண்ணுகிறார் என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரமானது. வலி வருகிறது என்று தங்கை சொல்வதற்கு முன்பே அவர் கைக்குத் தெரிந்துவிடுகிறது!

"மூணு விரல்தான் திறந்திருக்கு. டைம் இருக்கும்மா, எழுந்து நட. அக்காதானே நீ? அவ இடுப்பைத் தேய்ச்சு விடு." என்னையும் வேலை வாங்கினார். அரை மணிக்கு ஒருமுறை வந்து குழந்தையின் துடிப்பைக் கேட்டார், பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று வரைந்து பார்க்கும் பார்ட்டோகிராஃப் தாளில் புள்ளி வைத்தார். டியூட்டி டாக்டர் இரண்டு முறை வந்து அந்தத் தாளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அவசரமான இன்னொரு கேஸுக்குப் போனார். கடைசியில் முக்கச் சொன்னதும், வேண்டாம் ஊது என்று நிறுத்தியதும், தலையைத் தாங்கிப் பிடித்ததும் அந்த சிஸ்டர்தான்.

குழந்தையைத் துடைத்து உடனே தங்கையின் மார்பில் போட்டார். ஒரு நிமிடத்துக்குள் தொடையில், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி. தொப்புள்கொடியை உடனே வெட்டவில்லை, இரத்தம் குழந்தைக்குப் போகட்டும் என்று காத்திருந்தார். நஞ்சுக்கொடி விழுந்த பிறகு என் கையைப் பிடித்து தங்கையின் தொப்புளுக்குக் கீழே கர்ப்பப்பையை அழுத்திக் காட்டினார். "பந்து மாதிரி கெட்டியா இருக்கா? இப்படியே இருக்கணும். தளர்ந்தா ரத்தம் போக ஆரம்பிச்சிடும், என்னைக் கூப்பிடு." சொல்லிவிட்டு என்னை நம்பி விடவும் இல்லை. கால் மணிக்கு ஒருமுறை தானே வந்து அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார். பிரசவத்தில் தாய்மார்கள் சாவதற்கான காரணங்களில் முன்னால் நிற்பது இந்த ரத்தப்போக்குதான். அதை முதலில் கண்டுபிடிக்கப் போவது வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற கைதான்.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லிவிட்டது: வலி முழு வேகம் பிடிப்பதே 5 சென்டிமீட்டருக்கு மேல்தான், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற பழைய கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு அவசரப்படாதீர்கள் என்று. சிக்கல் இல்லாத பெண்ணுக்கு அந்த பெல்ட் மெஷினை விடாமல் மாட்டி வைக்க வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவங்களை வைத்துச் செய்த 2017-ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்போ, கூடவே ஒருவர் இருந்து தைரியம் சொன்னால் சிசேரியன் குறைகிறது என்கிறது. நான் நாலு சென்டிமீட்டரில் கையெழுத்துப் போட்டவள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

என் கதை ஒன்றை வைத்து எல்லாவற்றையும் எடை போடவில்லை. என் சிசேரியன் தேவையாகவே இருந்திருக்கலாம். ஆனால் தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். தனியாரில் 64, அரசில் 36. ஏன் என்று கேட்டால் எல்லோரும் டாக்டரின் பணத்தாசையைச் சொல்கிறார்கள், அல்லது நம் பெண்களுக்கு வலி தாங்கத் தெம்பில்லை என்கிறார்கள் (இதைச் சொல்பவர்களில் பாதிப் பேர் ஆண்கள்). காத்திருக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு அனுபவமும் நேரமும் வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

உடனே எனக்கு வரப்போகும் பதில் தெரியும். "கவர்மென்ட் ஆஸ்பத்திரி நர்ஸ் திட்டினது உனக்குத் தெரியாது." தெரியும். வலியில் கத்துகிற பெண்ணிடம், "படுக்கும்போது மட்டும் சுகமா இருந்துச்சா?" என்று கூசாமல் கேட்கப்படும் அந்தக் கேள்வியை நம் ஊரில் கேள்விப்படாத பெண் கிடையாது. அதே வார்டில், அதே ராத்திரி, பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் வசவு வாங்கியதை நானே கேட்டேன். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. வேலைச்சுமை, ஆள் பற்றாக்குறை எல்லாம் உண்மைதான், ஆனாலும் கிடையாது.

வேலைச்சுமை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2015-ல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட நர்ஸுகள், சொன்னபடி நிரந்தரம் செய்யுங்கள் என்று 2017 நவம்பரில் தேனாம்பேட்டையில் டிஎம்எஸ் என்கிற அரசு மருத்துவத்துறை அலுவலக வளாகத்தில் போராட்டமாக உட்கார்ந்தார்கள். அந்த வழியாக பஸ்ஸில் போன எனக்கு அன்றைக்குத் தோன்றியது டிராஃபிக் மட்டும்தான்.

எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் கதை 1844-ல் தொடங்குகிறது. இந்த ஊரில் மருத்துவச்சிகளுக்கு முறையான பயிற்சி அந்த நூற்றாண்டிலேயே உண்டு. இப்போது மத்திய அரசு 2018-ல் ஒரு வழிகாட்டுதல் போட்டு, நர்ஸுகளுக்கு 18 மாதம் கூடுதல் பயிற்சி கொடுத்து, சிக்கலில்லாத பிரசவங்களை அவர்களே பொறுப்பேற்றுப் பார்க்கட்டும் என்கிறது. எனக்கு இதில் முழுச் சம்மதம். சிக்கலானதை டாக்டர் பார்க்கட்டும், அதற்குத்தான் அவர் அவ்வளவு படித்திருக்கிறார். ஆனால் பயிற்சி முடித்து வருகிறவரை மறுபடியும் ஃபைல் எழுதவும் ட்ரிப்ஸ் மாற்றவும் மட்டும் வைத்தால் அந்த 18 மாதமும் வீண்.

தங்கையின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டிப் பார்த்தேன். யூனிட் சீஃப் பெயர் இருந்தது. அந்த சிஸ்டர் பெயர் இல்லை. அந்த நேரத்தில் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

போன மாதம் என் தோழி ஒருத்தி பிரசவத்துக்கு மருத்துவமனை பார்க்கக் கிளம்பினாள். நான் சொல்லி அனுப்பியபடி ரிசப்ஷனில், "நைட்ல ஒரு சிஸ்டருக்கு எத்தனை பேஷண்ட்?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் கொஞ்சம் முழித்துவிட்டு, நார்மலுக்கு இவ்வளவு, சிசேரியனுக்கு இவ்வளவு, டீலக்ஸ் ரூம் என்றால் இவ்வளவு என்று பேக்கேஜ் அட்டையை எடுத்து நீட்டினாராம். இவள் அடுத்த மருத்துவமனைக்குப் போய்விட்டாள். அங்கேயும் அட்டைதான்.