பனம்பழம் தானாக விழவில்லை

மூன்று நாளாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தப் பட்டியலை நானும் பார்த்தேன். மூன்று வார சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸை வென்றவர்களை வரிசைப்படுத்தியதில் எனக்கு வருத்தமில்லை, அது அவரவர் ரசனை. ஆனால் கடைசி வரி: "1956 – ரோஜே வால்கோவியாக் (அதிர்ஷ்டம்)". வேறு யார் பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறி இல்லை. கீழே ஒருவர் வந்து "காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை" என்று எழுத, அதற்கு நூற்றுக்கணக்கில் சிரிப்புக் குறிகள். சைக்கிள் பந்தயத்தைப் பல வருடம் பார்ப்பவர்களும் அதில் சிரித்திருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நேற்று அங்கேயே சுருக்கமாகச் சொன்னேன், "உணர்ச்சிவசப்படுகிறீர்கள்" என்று பதில் வந்தது. சரி, கணக்கோடு பேசுவோம்.

1956 டூரின் ஏழாவது ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம்), லோரியான் நகரிலிருந்து ஆன்ஜே வரை. 31 பேர் பெலட்டனை, அதாவது ஒன்றாக ஓடும் பெருங்கூட்டத்தை, விட்டு முன்னால் போனார்கள். எல்லைக்கோட்டில் வித்தியாசம் 18 நிமிடத்துக்கும் மேல். அந்த 31 பேரில் ஒருவர் வால்கோவியாக். மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி அன்று மாலை அவருக்கு வந்தது. "அந்த 18 நிமிடத்தைப் பெலட்டன் தானமாகக் கொடுத்தது, அதை வைத்து ஜெயித்தார்" என்பதுதான் குற்றச்சாட்டு.

என் கேள்வி ஒன்றுதான். தானம் 31 பேருக்கும் கிடைத்ததே, பாரிஸ் வரை அதைக் காப்பாற்றி முதலிடத்தில் முடித்தவர் ஏன் ஒருவர் மட்டும்?

இந்தத் "தானம்" எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அந்தச் சொல்லே வாயில் வராது. பிரேக்அவே (கூட்டத்தை விட்டு முன்னால் ஓடும் குழு) போனதும் மஞ்சள் ஜெர்சி அணி இரண்டு மூன்று பேரைப் பெலட்டனின் முகப்பில் நிறுத்தி, இடைவெளியை 4, 5 நிமிடத்தில் பிடித்து வைக்கும். பிறகு பழைய கணக்கு ஒன்று உண்டு. பிரான்ஸின் முன்னாள் வீரரும் வர்ணனையாளருமான ரொபேர் ஷப்பாத் பெயரில் வழங்குவது: பெலட்டன் முழு வேகத்தில் துரத்தினால் 10 கிலோமீட்டருக்கு 1 நிமிடம் குறையும். 40 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது 4 நிமிடம் என்றால் பிடித்துவிடலாம், 6 நிமிடம் என்றால் முன்னால் போனவன் தப்பித்தான்.

இந்தக் கணக்கு நான்கைந்து பேர் போன பிரேக்அவேக்குத்தான் சரி. நான்கு பேர் என்றால் ஒவ்வொருவரும் நேரத்தில் கால் பங்கு முன்னால் நின்று, காற்றை எதிர்த்து மற்றவர்களை இழுக்க வேண்டும். அடர்த்தியான பெலட்டனின் நடுப்பகுதியிலோ, தனியாக ஓட்டுபவன் சந்திக்கும் காற்றுத்தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று 2018-இல் வந்த ஆய்வு காட்டியது. துரத்துபவர்கள் ஜெயிப்பது இதனால்தான். ஆனால் முன்னால் 31 பேர் இருந்தால்? அதுவே ஒரு குட்டிப் பெலட்டன். முறைவைத்து இழுத்தால் யாரும் களைக்க மாட்டார்கள். அதைவிட முக்கியமானது, 31 பேர் போனால் பெரும்பாலான அணிகளுக்கு அதில் ஒரு ஆள் இருப்பான். தன் ஆள் முன்னால் இருக்கும்போது பின்னால் எவன் இழுப்பான்? ஆள் இல்லாத அணி மட்டும் தனியாக இழுத்துக் களைக்கும். அவர்கள் களைத்துவிட்டால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் இடைவெளி விரியும். 18 நிமிடம் என்றால் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 12 கிலோமீட்டர். அதை யாரும் யாருக்கும் கையில் எடுத்துக் கொடுக்கவில்லை. பின்னால் இருந்த பெரிய தலைகள் போட்ட தப்புக்கணக்கு அது. கணக்கைத் தப்பாகப் போட்டவர்களை விட்டுவிட்டு, சரியான இடத்தில் இருந்தவனை ஏன் திட்டுகிறோம்?

"சரியான இடத்தில் இருந்தது அதிர்ஷ்டம்தானே" என்பீர்கள். இல்லை. அந்த 31-இல் இருக்க வேண்டுமென்றால் பெலட்டன் அறுபடும் கணத்தில் முதல் முப்பது நாற்பது இடங்களுக்குள் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். எண்பதாவது இடத்தில் இருப்பவனுக்கு இடைவெளி விழுந்ததே தெரியாது. முன்னால் இடம் பிடிக்க நாள் முழுக்கத் தோளோடு தோள் உரச வேண்டும், ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போட்டு மறுபடி வேகமெடுக்க வேண்டும். கூட்டத்தின் வாலில் சொகுசாக உருண்டவனுக்கு எந்த வருடமும் அந்த "அதிர்ஷ்டம்" வந்ததில்லை.

அடுத்து நடந்ததைப் பட்டியல் போட்டவர் படித்தாரா தெரியவில்லை. வால்கோவியாக் பிரான்ஸின் தேசிய அணியில் இல்லை. வடகிழக்கு-மத்தியப் பிராந்திய அணிக்காரர். மஞ்சள் ஜெர்சியோடு பந்தயத்தைக் கட்டி இழுக்க அந்த அணிக்குப் பலம் போதாது. அவருடைய அணி டைரக்டர் சோவர் டுகாஸோ சொன்ன யோசனை: ஜெர்சியை விட்டுவிடு. அப்படியே விட்டார். வூர்ட்டிங், டாரிகாட், ஆட்ரியான்சென்ஸ், வாக்ட்மான்ஸ் என்று அது கைமாறிக்கொண்டே போனது. பைரனீஸ் மலைகளில் ஜெர்சிக்காக அடித்துக்கொண்டதும் நாள் முழுக்கக் காற்றில் நின்றதும் மற்ற அணிகள். வால்கோவியாக் பின்னால் தன் காலைக் காப்பாற்றிக்கொண்டார். ஆல்ப்ஸில் 18-ஆவது ஸ்டேஜ், டுரினிலிருந்து கிரெனோபிள். மலையேறுவதில் அந்தக் காலத்தில் நிகரில்லாத ஷார்லி கோல் ஜெயித்த நாள் அது. அன்று மாலை மஞ்சள் ஜெர்சி மறுபடி வால்கோவியாக்கிடம்.

ஏழாவது ஸ்டேஜில் வந்ததை அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். 18-ஆவது ஸ்டேஜில் ஆல்ப்ஸ் தாண்டி வந்தது என்ன? மலைக்கு அதிர்ஷ்டம் தெரியாது. அடுத்தவன் பின்னால் காற்றுக்கு மறைந்து ஓட்டுவதன் பலன் வெகுவாகக் குறையும் இடம் அது. அங்கே உடம்பில் இருப்பதைத்தான் எடுத்துப் போட வேண்டும். தொடங்கிய 120 பேரில் பாரிஸ் வந்து சேர்ந்தவர்கள் 88. இரண்டாவது இடம் தேசிய அணியின் ஜில்பேர் போவான், 1 நிமிடம் 25 விநாடி பின்னால். ஸ்பெயினின் மலையேற்ற வீரர் பஹாமோன்தெஸ் நான்காவது, 10 நிமிடத்துக்கும் மேல் பின்னால். அந்த டூரின் சராசரி வேகம் மணிக்கு 36 கிலோமீட்டருக்கு மேல், அதுவரை நடந்த எல்லா டூரையும்விட வேகம். தூங்கிவழிந்த பந்தயம் இல்லை அது. டூரின் இயக்குநர் ஜாக் கோதே, தனக்கு மிகவும் பிடித்த டூர் என்று பிற்காலத்தில் சொன்னது இந்த 1956-ஐத்தான்.

"ஒரு ஸ்டேஜ்கூட ஜெயிக்கவில்லையே" என்று கேட்பவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. 1990-இல் டூரை வென்ற லெமாண்ட் ஒரு ஸ்டேஜ்கூட ஜெயிக்கவில்லை. ஃப்ரூம் 2017-இல் ஜெயிக்கவில்லை. பெர்னால் 2019-இல் ஜெயிக்கவில்லை. அவர்களுக்கு அடைப்புக்குறி எங்கே?

அந்த 1990-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஸ்டேஜில் நான்கு பேர் போய்ப் பத்து நிமிடத்துக்கு மேல் சம்பாதித்தார்கள். அதில் ஒருவர் கியாப்பூச்சி. இதே "தானம்"தான், அதுவும் முதல் நாளே. கடைசி டைம் ட்ரையலில் (ஒவ்வொருவரும் தனித்தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டும் ஸ்டேஜ்) லெமாண்ட் அதைப் பிடுங்கிக்கொண்டார். கிடைத்ததெல்லாம் நிற்கும் என்றால் கியாப்பூச்சி அல்லவா சாம்பியன்? மூன்று வாரம் அதை உடம்போடு வைத்துக்கொள்வதுதான் டூர்.

ஸ்பெயின் வீரர் பெரேய்ரோவை யாராவது உதாரணத்துக்கு இழுப்பீர்கள், தெரியும். 2006, பதின்மூன்றாவது ஸ்டேஜில் அவர் பிரேக்அவேயில் சம்பாதித்தது கிட்டத்தட்ட 30 நிமிடம். அங்கே மஞ்சள் ஜெர்சியில் இருந்த லாண்டிஸின் அணி ஜெர்சிப் பாரத்தைத் தெரிந்தே இறக்கி வைத்தது, ஒப்புக்கொள்கிறேன். பிறகு லாண்டிஸ் ஊக்கமருந்தில் மாட்டியதால் பட்டம் பெரேய்ரோவுக்கு வந்தது. அது வேறு வழக்கு, அதை இதோடு சேர்க்காதீர்கள்.

"முந்தைய மூன்று டூர்களையும் வென்ற லூயிசோன் போபே அந்த வருடம் வரவில்லை, வந்திருந்தால் தெரிந்திருக்கும்" என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிற வாதம். வராதவனை வைத்து வந்தவனை அளப்பது என்ன நியாயம்? முந்தைய வருடம், 1955-இல், டோஃபினே பந்தயத்தில் இதே போபேக்கு அடுத்து இரண்டாவது வந்தவர் வால்கோவியாக். 1953 பாரிஸ்-நீஸிலும் இரண்டாவது. எங்கிருந்தோ வந்து விழுந்தவர் இல்லை அவர். நமக்குப் பெயர் தெரியாமல் இருந்தது நம் குறை.

இது பழைய கதை மட்டும் இல்லை, இப்போதும் நடக்கிறது. 2025 ஜீரோ டி இத்தாலியா (இத்தாலியின் மூன்று வாரப் பந்தயம்), இருபதாவது ஸ்டேஜ், கோலே தெல்லே ஃபினெஸ்ட்ரே: 18.5 கிலோமீட்டர் ஏற்றம், சராசரி 9.2 சதவீதச் சரிவு, கடைசி 8 கிலோமீட்டர் தார் போடாத மண் சாலை. காலையில் சைமன் யேட்ஸ், முதலிடத்தில் இருந்த இசாக் தெல் தோரோவைவிட 1 நிமிடம் 21 விநாடி பின்னால். யேட்ஸ் போனார். தெல் தோரோவும் இரண்டாவது இடத்திலிருந்த கரபாஸும் "நீ இழு, நீ இழு" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யேட்ஸின் அணி காலையிலேயே பிரேக்அவேயில் அனுப்பி வைத்திருந்த வான் ஆர்ட், உச்சி தாண்டியதும் காத்திருந்து செஸ்ட்ரியேரே வரையிலான பள்ளத்தாக்கில் யேட்ஸை இழுத்துப் போனார். தனியாள் தோற்கும் இடம் அதுதான், அங்கே முன்கூட்டியே ஆள் வைத்திருந்தார்கள். அன்று ஒரே நாளில் தெல் தோரோவைவிட 5 நிமிடத்துக்கும் மேல் சம்பாதித்து ஜீரோவை வென்றார் யேட்ஸ். அன்றைக்கும் "பரிசாகக் கொடுத்துவிட்டார்கள்" என்றுதான் எழுதினார்கள். 2018-இல் இதே மலையில், ஜீரோவில் முதலிடத்துக்கான இளஞ்சிவப்பு ஜெர்சியோடு உடைந்துபோன மனிதர் யேட்ஸ். அன்று ஒரே நாளில் அவர் இழந்தது கிட்டத்தட்ட 39 நிமிடம். அப்போது யாரும் அதை "துரதிர்ஷ்டம்" என்று அடைப்புக்குறியில் போடவில்லையே. தோற்றால் பலவீனம், ஜெயித்தால் அதிர்ஷ்டமா? சின்னவன் எந்தப் பக்கம் போனாலும் அவன் கணக்கில் எதுவும் சேரக்கூடாது என்று முடிவே செய்துவிட்டோமா?

பெரிய அணி, பெரிய பெயர் இருந்தால் இதே வேலைக்குத் "தந்திரம்" என்று பெயர். பிராந்திய அணிக்காரன் செய்தால் பனம்பழம்.

பிரெஞ்சில் "அ லா வால்கோ" என்று ஒரு சொல்வழக்கே உண்டாகிவிட்டது. தகுதியில்லாமல், தற்செயலாக ஜெயிப்பது என்று பொருள். உங்கள் வாழ்க்கையின் மிகப் பெரிய நாளின் பெயர் ஊரார் வாயில் ஏளனமாகிவிட்டால் எப்படி இருக்கும்? ஓய்வு பெற்று, சொந்த ஊர் மோன்லுசோனுக்குப் போய் மதுக்கடை நடத்தி, பிறகு தொழிற்சாலை வேலைக்குத் திரும்பினார். தான் வென்ற டூரைப் பற்றிப் பேசவே பல வருடம் விரும்பவில்லை. 2017 பிப்ரவரியில் 89 வயதில் இறந்தபோது, உயிரோடு இருந்த டூர் சாம்பியன்களில் மூத்தவர் அவர். அறுபது வருடம் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

பட்டியல் போட்டவர் இதைப் படிப்பார் என்று தெரியும், நம் இருவருக்கும் பொதுவான நண்பர்கள் நிறையப் பேர். வால்கோவியாக்கைக் கடைசி இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், அதற்காகச் சண்டைக்கு வர மாட்டேன். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த அடைப்புக்குறியை மட்டும் எடுத்துவிடுங்கள்.