நூலை உருவிய பிறகு

என் அண்ணன் மகள் வரைந்த ஓவியம் ஒன்றை மாட்டுவதற்கு டர்பனில் ஒரு தமிழ் மண்டபத்தில் போன வாரம் இடம் கேட்டோம். பார்த்தவர் நல்ல மனிதர்தான். "இதில் என்ன இருக்கிறது? ஒரு முருகன் படமோ, கப்பல் படமோ வரையச் சொல்லுங்களேன்" என்றார். கப்பல் என்றால் 1860இல் சென்னையிலிருந்து நம்மவர்களை முதன்முதலாக இங்கே கொண்டுவந்து இறக்கிய ட்ரூரோ. அதை நானும் மதிக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நாலடிக்கு மூன்றடி கேன்வாஸ். அதில் பருத்தி நூல்களைப் பசை தடவி ஒட்டினாள். மேலே கெட்டியாகக் கறுப்புச் சாயம், நாலைந்து பூச்சு. அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போதே நூல்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டாள். இப்போது அதில் நூலே கிடையாது. நூல் கிடந்த தடமும் இருபுறமும் மெல்லிய வரப்பும்தான். நேரே நின்றால் வெறும் கறுப்பு. சாயங்காலம் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அத்தனை கோடுகளும் எழுந்து வருகின்றன.

"ஏம்மா நூலை எடுத்துட்டே?" என்றேன்.

"அது இருந்தது தெரிய வேண்டாம் சித்தப்பா. அது செஞ்சது தெரிஞ்சா போதும். கரும்பொருளை அப்படித்தானே கண்டுபிடிச்சாங்க?"

உண்மைதான். அமெரிக்க வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970இல் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் சுழற்சியை அளந்து வெளியிட்டார்கள். மையத்தை விட்டு விலக விலக வேகம் குறையும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். குறையவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்திருக்கிறது. அதைத்தான் கரும்பொருள் என்கிறார்கள். பிரபஞ்சத்தில் நாம் அறிந்த சாதாரணப் பொருள் வெறும் 5 சதவீதம் என்பதுதான் இன்றைய கணக்கு. சுமார் 27 சதவீதம் கரும்பொருள், மிச்சம் கரும் ஆற்றல், அதாவது பிரபஞ்சம் மேலும் மேலும் வேகமாக விரிவதற்குக் காரணம் என்று சொல்லப்படுவது.

நம் தென்னாப்பிரிக்காவிலேயே, கரூ வறண்ட நிலத்தில், மீர்காட் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 64 தட்டுகள், ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் அகலம். அது பிடிக்கும் ரேடியோ அலை ஒன்றின் நீளம் ஏறக்குறைய ஒரு சாண். அதைப் பார்க்கும் கண் யாருக்கும் இல்லை. 2022இல் நம் பால்வீதியின் மையத்தை அது எடுத்த படம் வந்தது. கிட்டத்தட்ட ஆயிரம் இழைகள், சில 150 ஒளியாண்டு நீளம், வீணைத் தந்திகளை இழுத்துக் கட்டியதுபோல. காந்தப்புலத்தில் சுற்றும் எலக்ட்ரான்களின் ஒளிர்வு அது. எல்லோரும் பகிர்ந்தோம், நானும்தான். அந்தப் படத்தின் நிறங்கள் வானத்தில் இல்லை. எந்த இடத்தில் அலை வலுவாக இருக்கிறது என்று காட்ட மனிதர்கள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தவை. அதை மெய் என்று கும்பிட்டுவிட்டு, இந்தப் பெண் வரைந்ததில் மட்டும் என்ன இருக்கிறது என்று கேட்பது நியாயமா?

அப்புறம், இதைச் சொன்னதும் சிலர் "நம் முன்னோர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்" என்று வருவீர்கள். ஜெனீவா அருகே அணுத்துகள்களை ஆராயும் செர்ன் வளாகத்தில் 2004 முதல் நடராஜர் சிலை நிற்பது எனக்கும் பெருமைதான். ஆனால் முன்னோருக்குத் தெரியும் என்று சொல்லி முடித்துவிட்டால், ரூபின் இரவெல்லாம் விழித்து அளந்த உழைப்பையும் நாம் மறைக்கிறோம், நம் பிள்ளைகள் புதிதாக ஒன்றைத் தேடும் ஆசையையும் அணைக்கிறோம்.

அணு சிதைவது, தன் மனதுக்கு உலகமே சிதைந்ததுபோல் இருந்தது என்று 1913இல் ஓவியர் காண்டின்ஸ்கி எழுதினார். அவருக்கு அது பயம். என் அண்ணன் மகளுக்குப் பயம் இல்லை. பொறுமையாக நூல் உருவுகிறாள்.

சரி, இங்கே டர்பனில் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ யாரிடமாவது நல்ல சுவர் இருந்தால் சொல்லுங்கள். மேலே விளக்கு வேண்டாம். மேற்கே ஒரு ஜன்னல் இருக்கும்படியான சுவராக இருக்க வேண்டும்.