சிறைக்குச் செல்லும் அருட்சகோதரிகள் பற்றி ஒரு திருத்தம்

ஐயா, டர்பன் பக்கத்துச் சிறைகளுக்குச் செல்லும் அருட்சகோதரிகள் நம் இந்துப் பெண்களைக் கட்டாயமாக ஜெபத்தில் உட்கார வைக்கலாம், சட்டமே அதற்கு இடம் தருகிறது என்றும், அவர்கள் செய்வது மதமாற்றம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, எந்தக் கைதியையும் வழிபாட்டுக்கு வரும்படி வற்புறுத்தக் கூடாது. தான் விரும்பும் சமய ஆலோசகரைச் சந்திக்கும் உரிமையை அரசியலமைப்பின் 35ஆம் பிரிவே கொடுக்கிறது. நம் கோயில்காரர்களும் போகலாம், போகவும் வேண்டும்.

சிறையில் இருக்கும் தாய் குழந்தையை 5 வயது வரை உடன் வைத்திருக்கலாம் என்று நீங்கள் எழுதியதும் பழைய கணக்கு. இப்போது 2 வயது வரைதான். பால் மறந்த பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு வெறும் மடியோடு உட்கார்ந்திருப்பவள் அருகே அருட்சகோதரி ஒருத்தி வந்து அமர்ந்து, அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தால், அதை மதமாற்றம் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?